தொட்டி காய நான்கு நாள்

1

எங்கள் வாடகை வீட்டுக் குளியலறையில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி இருக்கிறது. உள்ளே வெள்ளை எனாமல் பூசிய, பழைய பங்களாக்களில் இருந்த மாதிரியான குளியல் தொட்டி. நாங்கள் திருப்பதிக்கு வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் முடிகிறது. இதுவரை எங்களில் ஒருவரும் அதற்குள் இறங்கிக் குளித்ததில்லை. தண்ணீர் பிடித்து வைக்கத்தான் அது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். ரப்பர் டியூபைத் தொட்டிக்குள் போட்டுவிட்டால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை. பக்கத்தில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வோம்.

வீட்டுக்காரர் சித்தூரில் ஏதோ பழைய பங்களாவை இடித்தபோது ஆசைப்பட்டு வாங்கி வந்ததாம். முதலில் தொட்டியை வைத்து, அதற்கப்புறம் சுற்றிச் சுவர் எழுப்பினாராம். அதனால் வெளியே எடுக்கவே முடியாது. அவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி சுசீலம்மா மூட்டுவலியால் மாடி ஏற முடியாமல் கீழ் வீட்டில் இருக்கிறார். மாடியில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி கலா, பத்தாவது படிக்கும் மகள் மதி.

சென்ற மாதம் தொட்டியின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதை ஒட்டவைத்த கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது பெயர்ந்த காலையைச் சொல்லாமல் எழுத முடியவில்லை.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ் ஏழு மணிக்குள் வந்துவிடும். ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள் பித்தளைச் சொம்பு இரும்பில் மோதிய சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொரு சத்தம், கனமாக. "மதி" என்றேன். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அப்புறம் தோளால் கதவை இடித்தேன். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் திருகாணிகளோடு பிய்ந்துகொண்டு வந்தது.

கலா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். "திரும்பிக்கோங்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். போர்வையில் சுற்றிக் கொடுத்தபோதுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். பதினைந்து வயதுப் பெண்ணைக் குழந்தை என்று எழுதுகிறேன். அன்று மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்கியபோது எனக்கு அப்படித்தான் இருந்தாள்.

2

மயக்கம்தான். வேறொன்றுமில்லை. பரீட்சை பயத்தில் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். ஜன்னல் இல்லாத அறை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர். "நன்றாகச் சாப்பிடட்டும், போதும்" என்று டாக்டர் சொன்னார். மறுநாள் எடுத்த பரிசோதனைகளிலும் குறை இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. என் ஆதாரில் இருப்பது பெரம்பூர் முகவரி. ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, தரிசனத்துக்கு வந்த இடத்தில் மயங்கிவிட்டாளா என்று தெலுங்கில் கேட்டாள். இல்லையம்மா, இங்கேதான் ஒன்பது வருடமாக இருக்கிறோம் என்றேன். அதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்றாள். இல்லை. "அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவோம்" என்று சொல்லிச் சொல்லியே நான் ஒன்றையும் மாற்றவில்லை. என் வண்டியில் இன்னும் தமிழ்நாட்டு நம்பர்தான். போலீஸ்காரர் நிறுத்தி, சாமி கும்பிட வந்தீர்களா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் நான். பெரம்பூரிலிருந்து இங்கே மூன்று மணி நேரப் பயணம். இதற்குப் புலம்பெயர்வு என்ற பெரிய வார்த்தை எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மகள் உள்ளே கிடக்க, அவளுக்கு இந்த ஊரில் வீடு இருக்கிறது என்று நிரூபிக்க முடியாமல் கவுன்ட்டரில் நின்றபோது சிரிப்பு வரவில்லை. கடைசியில் ஒரு தெலுங்குப் படிவத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே, கையெழுத்துப் போட்டேன்.

மதி கண் விழித்ததும் டாக்டர் அவளிடம் நிறையக் கேட்டார். அவளும் தெலுங்கில் கடகடவென்று பதில் சொன்னாள். எனக்குத் தெரிந்தது தொழிற்சாலைத் தெலுங்கு. லோடு வந்ததா, எத்தனை பீஸ் கழிந்தது, எப்போது முடியும். அதற்கு மேல் ஓடாது. என் மகளின் உடம்பைப் பற்றி என் கண்ணெதிரில் நடந்த பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை.

"டாக்டர் என்னம்மா கேட்டாரு?"

"ஏம் லேது நானா" என்றாள். ஒன்றுமில்லை அப்பா என்கிறாள்.

அவள் வளர்ந்த பள்ளியில் முதல் மொழி தெலுங்கு. சிநேகிதிகள் எல்லோரும் தெலுங்கு. கோபம் வந்தாலும் தெலுங்கு. வீட்டில் எங்களிடம் தமிழில்தான் பேசுவாள். அந்த வாரத்திலிருந்து அதையும் குறைத்துக்கொண்டாள்.

3

காரணம் நான்தான். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிய்ந்த தாழ்ப்பாளைத் திரும்பப் போட நான் விடவில்லை. கலா ஆசாரியைக் கூப்பிடுகிறேன் என்றாள். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். மதி உள்ளே போய், கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பக்கெட்டை நகர்த்துவாள். நான் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "மதி" என்று கூப்பிடுவேன். முதலில் "ம்" என்று பதில் வந்தது. பிறகு சொம்பைத் தரையில் டொக்கென்று வைப்பாள். பிறகு அதுவும் இல்லை. பதில் இல்லாவிட்டால் நான் எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். மூன்றே நிமிடத்தில், முதுகு காயாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஈரத் தலையோடு மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்தேன்.

"எங்கம்மா குளிச்ச?"

"கீழ."

"ஏன், நம்ம வீட்ல தண்ணி இல்லையா?"

"கீழ தாழ்ப்பாள் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். துண்டை உலர்த்திவிட்டு அறைக்குள் போய்விட்டாள். ஒரு வாரமாகவே சுசீலம்மா வீட்டில்தான் குளிக்கிறாள் என்று கலா சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். வெளியில நின்னு பேர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா யாருக்குங்க குளிக்க வரும்? நீங்க என்ன செக்யூரிட்டியா?"

"மறுபடி விழுந்துட்டா?"

"விழுந்தா நான் இருக்கேன். நீங்க பயப்படுறதுக்கு அவ குளிக்காம இருக்க முடியுமா?"

அதற்கப்புறமும் நான் தாழ்ப்பாள் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, அன்று மாலை தொட்டியைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

4

சில்லு பெயர்ந்த இடம் ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருந்தது. முதல் நாள் கறுப்பாக இரும்பு தெரிந்தது. பிறகு துரு பிடித்தது. மூன்று வாரத்தில் துரு விளிம்பைத் தாண்டி உள்பக்கமாகக் கோடு இறங்கியிருந்தது. பல் விளக்கும்போதும் முகம் கழுவும்போதும் அதுதான் கண்ணில் பட்டது. அந்த இடத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித்தான் மதியின் தலை இருந்தது என்று கலா ஒருமுறை சொல்லிவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாம்.

ஹார்டுவேர் கடையில் வெள்ளை சிமென்ட் கொடுத்தார்கள். அது ஒட்டவில்லை. சென்னையில் இந்த வேலை தெரிந்த ஒருவரை போனில் பிடித்தேன். ஒரு தொட்டிக்காக எல்லை தாண்டி வரமாட்டேன் என்றார். கடைசியில் ரேணிகுண்டா ரோட்டில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் முனிரத்தினத்திடம் போனேன். ஸ்கூட்டர் பானெட் ஒன்றை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் திணறித் திணறித் தெலுங்கில் விளக்கினேன். பாதியில் நிறுத்தினார்.

"தமிழா சார் நீ? அத்த மொதல்ல சொல்றது. நமக்கு பார்டர்ல விஜயபுரம் பக்கம். எந்தூரு உனுக்கு?"

"பெரம்பூர்."

"மெட்ராஸா! சரி, தொட்டி இரும்பா, பீங்கானா?"

"இரும்பு. மேலே எனாமல்."

"அப்ப அதுவும் ஒரு வண்டிதான். சக்கரம்தான் இல்ல. சில்லு கீதா?"

கலா அந்தச் சில்லை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எதற்கு வைத்திருந்தாள் என்று தெரியாது, நல்லவேளை வைத்திருந்தாள். காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வெயிலில் நீட்டிப் பார்த்தார். என் கண்ணுக்கு அது வெள்ளை. அவர் வெள்ளை டப்பாவைத் திறந்து அதில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டார், கலக்கினார், சில்லின் மேலேயே ஓரமாகத் தொட்டு வைத்தார். தலையை ஆட்டிவிட்டு, குச்சி முனையில் கறுப்பு எடுத்துக் கலந்தார். மறுபடி தொட்டார். இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"வயசான வெள்ள சார் இது. புது வெள்ள அடிச்சா மூஞ்சில பவுடர் போட்ட மாறி தெரியும்."

செய்முறையையும் சொல்லிக்கொடுத்தார். துருவைச் சுத்தமாகத் தேய்த்தெடுக்க வேண்டும். தின்னர் வைத்துத் துடைக்க வேண்டும். பட்டியில் கெட்டிப்படுத்தும் பசையைப் பட்டாணி அளவு கலந்து பள்ளத்தை நிரப்ப வேண்டும். காய்ந்ததும் தண்ணீர் தொட்டு மழமழவென்று தேய்க்க வேண்டும். அதற்கு மேல் பெயின்ட், மெல்லிசாக, இரண்டு தடவை.

"அதுக்கப்பறம் நாலு நாளு. நாலு நாளு ஒரு சொட்டு தண்ணி படக் கூடாது. கேட்டுக்கினியா? தொட்டியப் பாத்துக்கினு சும்மா இரு. அதான் கஷ்டம்."

5

புதன்கிழமை லீவு போட்டு வேலையை முடித்தேன். உண்மையாகவே நன்றாக வந்தது. விரலால் தடவினால்கூடச் சில்லு எங்கே என்று தெரியவில்லை. கலா பார்த்துவிட்டு, "கதவையும் இப்படியே செஞ்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்தது.

நான் வளர்ந்தது பெரம்பூரில் பன்னிரண்டு குடித்தனம் இருந்த ஒரு வரிசை வீட்டில். லாரி வருகிறது என்ற குரல் தெருமுனையில் கேட்டால் எந்த வேலையும் நிற்கும். சோற்றில் கை வைத்தவன் கையை உதறிக்கொண்டு ஓடுவான். தண்ணீர் வரும்போது பிடிக்காமல் நிற்பவனை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. அன்று காலை குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு தண்ணீர். பக்கெட்டுகள், குடங்கள், குக்கர் வரை நிரம்பிவிட்டன. இன்னும் நாற்பது நிமிடம் தண்ணீர் இருந்தது. தொட்டி காலியாக என்னைப் பார்த்தது. பாதி மட்டும் நிரப்பினால் விளிம்பில் படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டியூபை உள்ளே போட்டேன். பாலைக் கிண்டுவதற்காகக் கலா கூப்பிட்டாள், போனேன். திரும்பி வந்தபோது தொட்டி வழிந்துகொண்டிருந்தது.

ஒட்டுப் போட்ட இடம் கொப்புளம் விட்டிருந்தது. விரல் வைத்தேன். அவித்த முட்டையின் மேல்தோல் மாதிரி உரிந்து கையோடு வந்தது.

அதைக் கையில் பிடித்தபடி நான் நின்ற கோலத்தைக் கதவுப் பக்கம் நின்று மதி பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. உதட்டைக் கடித்தாள். முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டாள்.

"நாலுகு ரோஜுலு ஆகலேரா நானா?" என்றாள். நாலு நாள் பொறுக்க முடியாதா என்று கேட்கிறாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அம்மா, இங்க வந்து பாரேன், அப்பா தொட்டியோட தோல உரிச்சிட்டாரு!"

ஒரு மாதமாகக் கேட்காத சிரிப்பு. தமிழும்தான். இன்னும் இரண்டு கொப்புளம் இருந்தால் அதையும் உரித்துக் காட்டியிருப்பேன்.

6

முனிரத்தினம் என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"தண்ணி புடிச்சிட்டியா?"

"பாதிதான் பிடிக்கலாம்னு..."

"மெட்ராஸுன்னு சொன்னப்பவே நெனச்சேன் சார். ஒங்களுக்கெல்லாம் கொயாய் சத்தம் கேட்டா கை நிக்காது." மறுபடி பெயின்ட் கலந்துகொண்டே கேட்டார். "ஆமா, சில்லு எப்பிடிப் போச்சு?"

சொன்னேன். மயக்கம், சொம்பு, கதவை இடித்தது, எல்லாம். அவர் கலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பாப்பா இப்ப நல்லா துன்னுதா?"

"சாப்பிடுறா."

"அந்தக் கதவு?"

"அது அப்படியேதான் இருக்கு. தாழ்ப்பாள் போடல. பயமா இருக்கு."

"இன்னா சார் நீ. ஒடஞ்சது கதவு. நீ தொட்டிக்குப் பட்டி பூசிக்கினு கீற." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தணிந்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணு கீது. பயமாத்தான் இருக்கும். இல்லன்னு சொல்லல."

வண்டியில் திரும்பி வரும்போது எனக்கு என் அக்கா ஞாபகம் வந்தது. எங்கள் வரிசை வீட்டில் குளியலறை பொது. தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது. அக்கா குளிக்கப் போனால் காவலுக்கு என்னை அனுப்புவார்கள். கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். யாராவது வந்தால் "ஆள் இருக்கு" என்று கத்த வேண்டும். பத்து வயதில் அது எனக்குப் பெரிய பதவி. அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமை. அவளுக்குக் கல்யாணமாகி முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, புது வீடு எப்படி என்று அம்மா கேட்டாள். மாமியாரைப் பற்றியோ மாமாவைப் பற்றியோ சொல்லுவாள் என்று நினைத்தோம். "பாத்ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும்மா. எவ்ளோ நேரம் வேணும்னாலும் குளிக்கலாம்" என்றாள். அன்று எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஒரு பெண் கதவைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகக் குளித்திருக்கிறாள் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. காவல் நின்றது மட்டும்தான் நினைவில் இருந்தது. என் மகளுக்கும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இரண்டாவது முறை ஒட்டுப் போட்டோம். இந்த முறை மதியும் கூட இருந்தாள். என் கையில் உப்புத்தாள் சரியாக நிற்கவில்லை என்று அவளே வாங்கித் தேய்த்தாள். குழாய்த் திருகில் ஒரு கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, "நாலு நாளைக்கு இத நீ தொடக் கூடாது" என்றாள். தண்ணீர் வந்த நாட்களில் நானே வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

7

புதன்கிழமை மாலை தாழ்ப்பாள் வாங்கப் போனேன். கடையில் ஒரு புதுவகை காட்டினார்கள். உள்ளே பூட்டிக்கொள்ளலாம், அவசரமென்றால் வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பித் திறந்துவிடலாம். எனக்காகவே செய்தது போலிருந்தது. சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டினேன். மதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெளியில இருந்து தொறக்கலாமா?"

"அவசரத்துக்கு மட்டும்தாம்மா."

"உனக்கு எப்பவுமே அவசரம்தானேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. கலா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதவிக்கு வரவில்லை. நான் மறுபடி கடைக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு, சாதாரண இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். பழைய ஓட்டைகள் பெரிதாகியிருந்தன. தீக்குச்சிகளை உடைத்து அடைத்து, புதுத் திருகாணி போட்டு முறுக்கினேன். மதி இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"நாளைக்கு நான் இங்க குளிக்கிறேன். ஆனா கூப்பிடக் கூடாது."

"சரி."

"கூடத்துல உட்காரவும் கூடாது. நீ உட்கார்ந்திருக்கன்னு தெரிஞ்சாலே எனக்கு வேகமா வருது."

"எங்கதான் போகட்டும்?"

"கீழ போ. நான் போனேன்ல இத்தன நாளா."

"ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுக் குளி."

"மூணு சாப்பிடுறேன். போதுமா?"

மறுநாள் காலை அவள் மூன்று இட்லி சாப்பிட்டதை எண்ணி முடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். சுசீலம்மா நாற்காலியைக் காட்டிவிட்டுக் காபி போடப் போனார். எங்கள் குளியலறைக் கழிவுநீர்க் குழாய் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரை ஒட்டித்தான் இறங்குகிறது. இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. கொஞ்ச நேரத்தில் அதற்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு சொம்பு. சற்று நேரம் விட்டு இன்னொன்று. அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்பது வருடத்தில் ஒருவரும் செய்யாததைச் செய்யப் போகிறேன், தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து குளிக்கப் போகிறேன் என்று முந்தின நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். செய்தாளா என்று தெரியாது. கேட்கவும் போவதில்லை.

சுசீலம்மா காபியைக் கையில் கொடுத்தார். அப்போது தண்ணீர்ச் சத்தம் நின்றது.

காது மாடியிலேயே இருந்தது. அடுத்த சொம்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். சுசீலம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் எத்தனையோ வருடமாக உட்கார்ந்திருப்பவர்.

"தல துடுசுகுண்டோந்தி" என்றார், கையால் தலையைத் துவட்டிக் காட்டி. "கூர்ச்சோண்டி சார்."

உட்கார்ந்தேன். டம்ளரை எடுத்து மிச்சக் காபியையும் குடித்தேன்.